விழுகின்ற பிள்ளைக்கு ஒரு மெத்தை

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் பிரதான மண்டபத்தில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வி, பண்பாடு, தாய்மொழி என்று பேசுவதுதான் வழக்கம். நான் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது செயலாளர் தங்கை தொலைபேசியில் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அக்கா, நீங்கள் கணிதம் அல்லவா படிப்பித்தீர்கள்?" என்று கேட்டார். ஆம், முப்பது வருடங்கள் கணிதம்தான் படிப்பித்தேன். ஆனாலும் இந்த மண்டபத்தில் நின்று பேசக் கிடைத்தால் வேறொன்றைப் பற்றி என்னால் பேச முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

நூற்றாண்டுக் கண்காட்சிக்காக மேடைக்குப் பின்னால் உள்ள களஞ்சிய அறையைத் துப்பரவு செய்தபோது, உடைந்த மேசைகளுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. தட்டுத் தட்டாக அடுக்கி உயர்த்தக்கூடிய பெட்டி. மேல் தட்டின் தோல் கிழிந்து தும்பு வெளியே வந்திருந்தது. இது என்ன என்று இளைய உறுப்பினர் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அதை நாங்கள் "பொக்ஸ்" என்று சொல்வோம். ஓடி வந்து, கைகளை ஊன்றி, அதற்கு மேலால் பாய்வோம். எழுபதுகளில் இங்கு படித்தவர்கள் இப்போது சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

1976இல் நான் எட்டாம் வகுப்பு. அப்போது இலங்கையில் தொலைக்காட்சி இல்லை. அது வந்தது 1979இல். மொன்றியல் ஒலிம்பிக் போட்டியை நாங்கள் பத்திரிகையில் வந்த படங்களில்தான் பார்த்தோம். ருமேனியாவைச் சேர்ந்த நாடியா கொமனேச்சி என்ற பதினான்கு வயதுப் பிள்ளை பத்துக்குப் பத்துப் புள்ளிகள் பெற்றாள். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வரலாற்றில் அதற்கு முன்னர் எவரும் அதைப் பெற்றதில்லை. அதனால் புள்ளிப் பலகையில் பத்து என்று காட்டுவதற்கு இலக்கம் போதவில்லை. 1.00 என்று காட்டியது. அந்தப் போட்டியில் மட்டும் ஏழு தடவைகள் அவளுக்குப் பத்துப் புள்ளிகள் கிடைத்தன. மூன்று தங்கப் பதக்கங்களுடன் ஊர் திரும்பினாள்.

நாடியாவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அது போதுமாக இருந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தியும் நானும் அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கணிதக் கொப்பிக்குள் வைத்திருந்தோம். நான் வெள்ளவத்தையிலிருந்து 155ஆம் இலக்க பஸ்ஸில் மருதானைக்கு வருவேன். அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவாள். மணி அடிப்பதற்கு அரை மணித்தியாலம் முன்னதாக வந்து, இந்த மண்டபத்தில் பெட்டிக்கு மேலால் பாய்ந்து பழகுவோம். கீழே விரிப்பதற்கு இரண்டு தும்பு மெத்தைகள் இருந்தன. ஒன்றின் நடுப்பகுதி தேய்ந்து பாயைப் போல ஆகிவிட்டது.

அடுத்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகை பார்க்கும்போது அவள் பெட்டிக்கு அப்பால் தவறி விழுந்தாள். மெத்தையின் தேய்ந்த பகுதியில்தான் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. இரண்டு நாட்களில் பெட்டி களஞ்சிய அறைக்குப் போயிற்று. அதன் பிறகு அது வெளியே வரவில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அன்று அந்த முடிவை எடுத்தவர்கள் எங்கள்மீது அன்பு இல்லாதவர்கள் அல்ல. ஆனால் ஒருவரும் "மெத்தையை மாற்றுவோம்" என்று சொல்லவில்லை. "பெட்டியை எடுங்கள்" என்றுதான் சொன்னார்கள்.

வீட்டிலும் அதுவே நடந்தது. அந்த வருடம் நான் பெரியபிள்ளையானேன். முற்றத்தில் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்ற என்னை அம்மம்மா கண்டுவிட்டார். "இனி உந்தக் கழைக்கூத்தாடி வேலையெல்லாம் வேண்டாம் பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். நான் நிறுத்திக்கொண்டேன்.

கழைக்கூத்தாடி என்ற அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் நான் நிறைய யோசித்திருக்கிறேன். கயிற்றின்மேல் ஆடுகிறவர்களைப் பற்றிச் சங்கப் பாடலிலேயே குறிப்பு உண்டு. ஆகவே மனித உடம்பு இப்படியெல்லாம் செய்யக்கூடியது என்பது தமிழருக்குப் புதிய செய்தி அல்ல. தெருவில் கயிற்றின்மேல் நடந்த சிறு பிள்ளைக்கு நாம் கை தட்டினோம், காசு போட்டோம். அது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தோம்.

இனி விடயத்துக்கு வருகிறேன். இன்று பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் நான்கு பிரிவுகள் உள்ளன. பாய்ச்சல் மேசை ஒன்று. உயரம் குறைந்ததும் கூடியதுமான இரண்டு சட்டங்கள் அடுத்தது. சமநிலைத் தண்டு மூன்றாவது. அது ஐந்து மீற்றர் நீளம், நிலத்திலிருந்து ஒன்றேகால் மீற்றர் உயரம், ஆனால் அகலம் பத்துச் சென்ரிமீற்றர் மட்டுமே. உங்கள் பிள்ளையின் புத்தகப் பையில் இருக்கும் அடிமட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு. அதன்மேல் பின்பக்கமாகக் கரணம் அடித்து மீண்டும் அதன்மேலேயே வந்து நிற்க வேண்டும். நான்காவது, பன்னிரண்டு மீற்றர்ச் சதுரத் தளத்தில் இசையோடு செய்யும் தரைப் பயிற்சி.

இந்த விளையாட்டில் சேரும் சிறு பிள்ளைக்கு முதலில் கற்பிக்கப்படுவது பாய்வது அல்ல, விழுவது. எப்படி உருள வேண்டும், கையை எங்கே வைக்கக்கூடாது, நாடியை எப்படி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பவைதான் முதல் பாடங்கள். விழாமல் எவரும் இதைக் கற்க முடியாது. ஆகவே பிள்ளை விழுமா என்று கேட்பதில் பயனில்லை. கீழே என்ன விரித்திருக்கிறோம், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும். இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதற்கான உதாரணங்கள்.

முதலாவது உதாரணம் நமக்கு அயலில் உள்ளது. இந்தியாவின் வடகிழக்கில், திரிபுரா மாநிலத்தின் அகர்த்தலாவில் 1993இல் பிறந்தவர் தீபா கர்மாகர். தந்தை பாரம் தூக்கும் வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். தீபாவின் பாதங்கள் தட்டையானவை. ஓடிப் பாய்கின்ற ஒருவருக்கு அது பெரிய குறை. பயிற்றுநர் பிஸ்வேஸ்வர் நந்தி அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பாதத்தின் வளைவை உண்டாக்குவதற்கே நீண்ட காலம் உழைத்தார்கள். அங்கே நல்ல உபகரணங்கள் இருக்கவில்லை. பழைய ஸ்கூட்டரின் பாகங்களைக்கொண்டு உதைபலகை செய்து பழகினார்கள் என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதின. மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாய்ச்சல் பழகினார்கள்.

2014இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் தீபா வெண்கலம் வென்றார். அந்தப் போட்டிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பாய்ச்சல் இறுதிப் போட்டிக்கு வந்தார். அவர் செய்தது புரொடுனோவா பாய்ச்சல். ரஷ்ய வீராங்கனை ஒருவரின் பெயரால் வழங்குவது. கைகளை ஊன்றி எழும்பி, முன்பக்கமாக இரண்டு முழுக் கரணம் அடித்துக் காலில் வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் தலை அல்லது கழுத்து நிலத்தில் படும். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே அதை முயன்றிருக்கிறார்கள். அன்று தீபாவுக்குக் கிடைத்தது 15.066 புள்ளிகள். வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்து வீராங்கனைக்கு 15.216. வித்தியாசம் 0.150. நான்காம் இடம்.

நான் கணித ஆசிரியை. 0.150 எவ்வளவு சிறியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதன் பிறகு நடந்தவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். முழங்காலில் சத்திரசிகிச்சை. அதிலிருந்து எழுந்து 2018இல் துருக்கியில் நடந்த உலகச் சவால் கிண்ணப் போட்டியில் தங்கம். பின்னர் தடைசெய்யப்பட்ட பொருள் ஒன்று பரிசோதனையில் கண்டறியப்பட்டதால் இருபத்தொரு மாதத் தடை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. சாதனையாளர்களின் வாழ்க்கையில் நல்ல பக்கங்களை மட்டும் வாசித்தால் நம் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். 2023இல் தடை முடிந்தது. 2024 மே மாதம், தனது முப்பதாவது வயதில், தாஷ்கந்தில் ஆசியச் சம்பியன் பட்டத்தை வென்றார். ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியர் எவரும் அதற்கு முன் பெறாத பட்டம். அதே வருடம் ஒக்டோபரில் ஓய்வு பெற்றார். ரியோவில் கிடைத்த நான்காம் இடத்தோடு கதை முடிந்துவிட்டது என்று யாராவது அவருடைய மெத்தைகளைச் சுருட்டி வைத்திருந்தால் தாஷ்கந்த் இல்லை.

அடுத்த உதாரணம் நமது நாடு. 2021 ஜூலை 23ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் இலங்கைக் கொடியை ஏந்தி வந்த இருவரில் ஒருவர் மில்கா கெஹானி. வயது பதினெட்டு. ஒலிம்பிக்கில் பங்குபற்றிய முதலாவது இலங்கை ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியாளர் அவர். அந்த வருடம் இலங்கையிலிருந்து சென்றவர்களே ஒன்பது பேர்தான். அவர் ஜப்பானில் பயிற்சி பெற்றே அந்த நிலைக்கு வந்தார். பதக்கம் பெறவில்லை. ஆனால் அந்தக் கதவைத் திறந்தவர் அவர்தான். சுகததாச உள்ளக அரங்கு கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அதற்குள்ளே போயிருக்கிறார்கள்? பார்வையாளராகவேனும் போயிருக்கிறார்களா? தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் விளையாடியவர். அவருக்கு ஒரு வளையமும் ஒரு மைதானமும் கிடைத்தன.

இங்கே நான் ஒரு கணம் நிறுத்த வேண்டும். மெத்தையும் பெட்டியும் பயிற்றுநரும் இருந்தால் மட்டும் போதும் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். எல்லாம் இருந்த இடங்களில்தான் மிகப் பெரிய கொடுமைகள் நடந்தன.

எலேனா முகினா சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்தவர். 1978இல் உலகச் சம்பியன். அடுத்த வருடம் கால் முறிந்தது. அது சரியாக ஆறுவதற்கு முன்னரே மறுபடியும் பயிற்சி. 1980இல் மொஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கையில், மிக ஆபத்தான ஒரு கரணத்தைப் பழகும்போது நாடி தரையில் மோத விழுந்தார். கழுத்து முறிந்தது. வயது இருபது. அதன் பிறகு அவர் நடக்கவே இல்லை. இருபத்தாறு வருடங்கள் அப்படி இருந்து 2006இல் காலமானார். இந்தக் கரணத்தில் என் கழுத்து முறியும் என்று தான் பயிற்றுநரிடம் முன்னரே சொல்லியிருந்ததாக அவர் பிற்காலத்தில் பேட்டி ஒன்றில் கூறினார். அவர் காலடியில் மெத்தைகள் இருந்தன. சொன்னதைக் கேட்பதற்குத்தான் ஒருவரும் இருக்கவில்லை. பின்னர் அந்தக் கரணம் பெண்களுக்குத் தடைசெய்யப்பட்டது.

எங்கள் நாடியாவையும் நான் அறியாமல் கொண்டாடினேன். 1989 நவம்பரில் ஓரிரவு அவர் கால்நடையாக எல்லையைக் கடந்து ஹங்கேரிக்குத் தப்பி ஓடினார் என்று வாசித்தபோதுதான், உலகம் கை தட்டிய அந்தப் பிள்ளை தன் நாட்டில் சுதந்திரமாக இருக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. இன்றைய விதிப்படி, போட்டி நடக்கும் வருடத்தில் பதினாறு வயது நிறையாத பிள்ளை ஒலிம்பிக்கில் பங்குபற்ற முடியாது. 1997இலிருந்து அந்த விதி நடைமுறையில் உள்ளது. பதினான்கு வயது நாடியா இன்று மொன்றியலுக்குப் போயிருக்கவே மாட்டார். அந்த விதி சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்க அணியின் வைத்தியர் ஒருவர் பல வருடங்களாக வீராங்கனைகளைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்துவந்தார். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்று அவர் முன்னிலையில் பேசினார்கள். அவர்களில் பலர் சிறுமிகளாக இருந்தபோதே பெரியவர்களிடம் சொன்னவர்கள். பெரியவர்கள் நம்பவில்லை, அல்லது நம்ப விரும்பவில்லை. இந்த மண்டபத்தில் இதைச் சொல்வது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். நாம் பெண்கள் கல்லூரி. நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

அந்த அணியிலிருந்து வந்தவர்தான் சைமன் பைல்ஸ். அவரும் அந்த வைத்தியரால் பாதிக்கப்பட்டவர். 2016இல் ரியோவில் நான்கு தங்கம் வென்றார். டோக்கியோவில் உலகமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குழு இறுதிப் போட்டியில் ஒரு பாய்ச்சல் பாய்ந்த பின் "இனி நான் செய்யவில்லை" என்று விலகிக்கொண்டார். அந்தரத்தில் சுழலும்போது மேல் எது கீழ் எது என்று உடம்புக்குத் தெரியாமல் போகும் ஒரு நிலை ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களுக்கு வருவதுண்டு. அப்படியே தொடர்ந்திருந்தால் முகினாவுக்கு நடந்தது அவருக்கும் நடந்திருக்கலாம். கோழை என்று எழுதினார்கள், நாட்டைக் கைவிட்டவர் என்று எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துச் சமநிலைத் தண்டில் மட்டும் பங்குபற்றி வெண்கலம் பெற்றார். மூன்று வருடங்கள் கழித்துப் பரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். இன்று அவரிடம் பதினொரு ஒலிம்பிக் பதக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏழு தங்கம்.

இங்கு அமர்ந்திருக்கும் மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். முகினாவும் சொன்னார், பைல்ஸும் சொன்னார். முகினா சொன்னதை எவரும் பொருட்படுத்தவில்லை. பைல்ஸ் சொன்னபோது அவருடைய அணித் தோழிகள் பக்கத்தில் வந்து நின்றார்கள், அவருக்குப் பதிலாக மற்றவர்கள் போட்டியிட்டார்கள், அணிக்கு வெள்ளி கிடைத்தது. வேண்டாம் என்று சொல்வதற்கும் பயிற்சி வேண்டும் பிள்ளைகளே. கேட்பதற்கும் எங்களுக்குப் பயிற்சி வேண்டும்.

இனி, என் வயதுக்காரர்களுக்கு ஒரு செய்தி. பதினான்கு வயதில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்துவிடும் விளையாட்டு இது என்று எல்லோரும் நினைக்கிறோம். உஸ்பெகிஸ்தானில் 1975இல் பிறந்த ஒக்ஸானா சுசோவிட்டினா 1992இல் பார்சலோனாவில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 2002இல் அவருடைய சிறிய மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு ஜேர்மனிக்குப் போனார். சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பதற்காகவே போட்டிகளில் தொடர்ந்து பங்குபற்றினார். மகன் பிழைத்தான். 2008இல் பீஜிங்கில், முப்பத்து மூன்று வயதில், ஜேர்மனிக்காக வெள்ளி வென்றார். ரியோவில் தீபா பாய்ந்த அதே இறுதிப் போட்டியில் நாற்பத்தொரு வயது சுசோவிட்டினாவும் பாய்ந்தார், அதே புரொடுனோவாவை முயன்றார். டோக்கியோ அவருக்கு எட்டாவது ஒலிம்பிக். வயது நாற்பத்தாறு.

அவருக்கும் முன்னர் ஒருவர் இருந்தார். அக்னஸ் கெலெட்டி, ஹங்கேரி நாட்டு யூதப் பெண், 1921இல் பிறந்தவர். அவர் போட்டிக்குத் தயாரான வயதில் உலக யுத்தம் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் இரண்டும் நடக்கவில்லை. தந்தையை நாஜிகள் அவுஷ்விற்சில் கொன்றார்கள். அக்னஸ் பொய்ப் பத்திரங்களோடு வீட்டு வேலைக்காரியாக ஒளிந்திருந்து உயிர் தப்பினார். 1948இல் காயம் காரணமாகப் பங்குபற்ற முடியவில்லை. முதலாவது தங்கத்தை 1952இல் ஹெல்சிங்கியில் பெறும்போது அவருக்கு முப்பத்தொரு வயது. 1956இல் மெல்பேர்னில், முப்பத்தைந்து வயதில், மேலும் நான்கு தங்கம். 2025 ஜனவரி 2ஆம் திகதி, நூற்று நான்காவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது காலமானார்.

யுத்தத்தால் பறிபோன வருடங்களைப் பற்றி இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1983க்குப் பிறகு நமது வகுப்பு இடாப்பில் எத்தனை பெயர்கள் குறைந்தன என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மலர் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் போவதற்குக் காரணமும் அதுதான். வருடங்கள் பறிபோனதற்காக வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி கெலெட்டி அம்மையார்.

ஒன்றை ஒப்புக்கொண்டு முடிக்க வேண்டும். பெட்டியை எடுத்தவர்களைப் பற்றிச் சொன்னேன். நானும் பெட்டியை எடுத்தவள்தான். என் மகள் நன்றாக வலைப்பந்து விளையாடுவாள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போது ஒரு நாள் கணுக்கால் சுளுக்கி வந்தாள். "பரீட்சை முடியட்டும், பிறகு விளையாடலாம்" என்றேன். பின்னேரம் ரியூசன் வகுப்பில் சேர்த்துவிட்டேன். பரீட்சை முடிந்தது, உயர்தரம் வந்தது, பல்கலைக்கழகம் வந்தது. அந்தப் "பிறகு" வரவே இல்லை. அவள் ஒன்பது பாடங்களிலும் திறமைச் சித்தி பெற்றாள். இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். ஒரு தடவையும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் தனது மகளை ஐந்து வயதிலேயே நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். மழை பெய்தாலும் விடுவதில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு விடை கிடைக்கிறது.

சங்கத்துக்கு எனது வேண்டுகோள் மூன்று. அந்தப் பெட்டியைக் கண்காட்சியில் வையுங்கள், மிகவும் நல்லது. ஆனால் கண்காட்சி முடிந்ததும் அதை மீண்டும் களஞ்சிய அறைக்கு அனுப்ப வேண்டாம். நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, முதலில் நல்ல மெத்தைகள் வாங்குவோம், பிறகு பெட்டிக்குப் புதிய தோல் போடுவோம். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. இரண்டாவது, முறையாகப் பயின்ற ஒரு பெண் பயிற்றுநரை வாரத்தில் இரண்டு நாட்களாவது அழைப்போம். பயிற்சி நேரத்தில் தாய்மாரோ ஆசிரியையோ ஒருவர் மண்டபத்தில் இருக்கட்டும். பிள்ளையோடு தனியே கதவை மூடும் வழக்கம் எவருக்கும் வேண்டாம். மூன்றாவது, சாதாரண தர வகுப்புக்கு வந்ததும் பிள்ளையை மைதானத்திலிருந்து எடுக்கும் பழக்கத்தை இந்தக் கல்லூரியிலாவது நிறுத்துவோம். எல்லோரும் ஒலிம்பிக்குக்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு பிள்ளைகூடப் போகாமல் இருக்கலாம். விழுந்தால் எழும்பலாம் என்று உடம்பால் அறிந்த பிள்ளைகள் இந்த வாசலால் வெளியே போக வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மணிக்கட்டு முறிந்த என் தோழியைப் பற்றிக் கேட்பீர்கள். அவள் ஸ்காபரோவில் இருக்கிறாள். கைக்கு ஒரு குறையும் இல்லை, மழைக் காலத்தில் மட்டும் நோகும் என்கிறாள். பெட்டி அகப்பட்ட செய்தியைச் சொல்லிப் படம் அனுப்பினேன். மறுமொழியாக அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். அவளுடைய ஆறு வயதுப் பேத்தி ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் நிற்கிறாள். பயிற்றுநர் கை காட்டுகிறார். பிள்ளை வேண்டுமென்றே பின்பக்கமாக விழுகிறாள், உருண்டு எழும்பி நிற்கிறாள், சிரிக்கிறாள், மறுபடியும் வரிசையில் போய் நிற்கிறாள். வீடியோவின் கீழே தோழி எழுதியிருந்தாள்: "பார், இதைத்தான் எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை."

இந்த மண்டபத்தில் இனிப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்போம்.